இருநூற்றுப் பன்னிரண்டாம் அட்டை

அழகுப்பொருள் கடையில் அவளைக் கண்ணாடியக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. முகப்பூச்சு கேட்டு யார் வந்தாலும், பூச்சை எடுத்துக் காட்டாமல் முதலில் கைக்கண்ணாடி ஒன்றைக் கையில் கொடுப்பாள். அதனால் வந்த பெயர். பதினான்கு ஆண்டுகளாக அவளுக்கு ஒரே மேசை: இடப்பக்கக் கோடியில், சன்னலை ஒட்டி, கைகழுவும் தொட்டிக்கு மூன்றடி தள்ளி. வெளிச்சத்துக்காக அவளே கேட்டு வாங்கிய இடம் அது. குழல்விளக்கின் கீழே எந்த முகமும் பொய் சொல்லும் என்பாள்.

அவள் வேலை செய்யும் முறை இது. வந்தவள் தொட்டியில் வெறுந்தண்ணீரால் முகம் கழுவ வேண்டும். ஒற்றித் துடைத்துக்கொண்டு, எதுவும் பூசாமல் அரை மணி நேரம் உட்கார வேண்டும். பிறகு மெல்லிய காகிதத் துண்டுகள் நான்கை நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று, கன்னத்துக்கு ஒன்றாக வைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்துவாள். எடுத்துச் சன்னலில் பிடித்துப் பார்ப்பாள். நான்கிலும் எண்ணெய் ஊறி வெளிச்சம் தெரிந்தால் எண்ணெய்ச் சருமம். ஒன்றிலும் தெரியாவிட்டால் வறண்டது. நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் என்றால் இரண்டும் கலந்தது. நான்கு துண்டுகளையும் ஓர் அட்டையில் குத்தி வைத்து, ஆண்டுதோறும் ஒன்றில் தொடங்கும் வரிசை எண், பெயர், தெரு, வயது, சரும வகை, வாங்கிய பொருள், வாங்கிய தேதி என்று எழுதிப் பெட்டியில் போடுவாள்.

"உங்க மூஞ்சி என்ன சொல்லுதுன்னு கேக்காம நான் எதையும் எடுத்துத் தர மாட்டேன்" என்பாள்.

கேட்டபின் தருவதும் மூன்றே பொருள்கள். சருமத்துக்கு ஏற்ற கழுவல் ஒன்று. எண்ணெய் முகத்துக்கு நீர்த்த பூச்சு, வறண்ட முகத்துக்கு ஈரம் காயுமுன் தடவக் கெட்டியான பூச்சு. வெளியே போகுமுன் வெயில்தடுப்பு. காலையில் மூன்று நிமிடம், மாலையில் இரண்டு நிமிடம். பன்னிரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

"பன்னெண்டு வாரமா? அதுக்குள்ள எனக்குப் பேரனே பொறந்துருவான்" என்றாள் ஒருத்தி. அவளுக்கு வயது இருபத்திரண்டு என்று அட்டையில் இருக்கிறது.

இப்படிச் சிரித்துவிட்டுப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. எதிர்ச்சாரிக் கடையில் ஒரே வாரத்தில் முகம் பளிச்சிடுகிறதாம் என்று முதலாளிக்குச் செய்தி வந்தது. "நீ உண்மையைச் சொல்லிச் சொல்லியே கடைக்குப் பூட்டு வாங்கிக் குடுத்துருவ போலிருக்கே" என்றார் அவர். அது அவளுடைய பதினோராம் ஆண்டு. மறு வாரம் பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஒரு பை நிறைய களிம்புக் குழாய்களோடு உள்ளே வந்தார்.

மருத்துவர் சீட்டுக்குத் தர வேண்டிய களிம்பு அது. அதில் ஒரு பங்கு, சாதாரண ஈரப்பூச்சில் இரண்டு பங்கு. பின்னறையில் கண்ணாடிக் குச்சியால் கலக்கி, முப்பது கிராம் பிடிக்கும் நீல மூடிச் சிமிழ்களில் அடைக்க வேண்டும். கலக்க நிதானமான கை வேண்டும் என்று அவளிடம் விட்டார்கள். சிமிழில் எதுவும் எழுதவில்லை. நீலமூடி என்றே பேராகிவிட்டது.

குழாயைச் சுற்றி மடித்திருந்த தாளை அவள் படித்தாள். எறும்பு ஊர்ந்தாற்போல எழுத்து. ஸ்டீராய்டு கலந்தது, மருத்துவர் சொல்லாமல் முகத்தில் போடக் கூடாது, சொன்ன நாளுக்குமேல் ஒருநாளும் தொடரக் கூடாது. தாளை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள்.

"அண்ணே, இதை மூஞ்சில போடலாமா?"

"நீ கலக்கற கலவையில அது பாதி செத்துருதும்மா. கம்பெனிக்காரன் கோர்ட்டுக்குப் பயந்து எழுதறது அது. விட்டா குடையில கூட மழையில நனையாதேன்னு எழுதி வைப்பான்."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுத் தாளை நான்காக மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். தூக்கிப் போடவில்லை.

நீலமூடி சொன்ன சொல் காப்பாற்றியது. எட்டாம் நாள் கரும்புள்ளி வெளுத்தது, பரு அமுங்கியது. வாங்கிய ஒவ்வொருத்தியிடமும், "பதினஞ்சே நாள்தான், அப்புறம் நிறுத்திடணும்" என்று சொன்னாள். அவர்கள் தலையாட்டினார்கள். பதினாறாம் நாள் காலிச் சிமிழோடு வந்து நின்றார்கள். அவள் கொடுத்தாள். அப்படித் திரும்பி வந்து வாங்கியவளின் அட்டையில் வலது மேல் மூலையில் பென்சிலால் சிறு வட்டம் ஒன்று போட்டாள். எதற்கு என்று முதலாளி ஒருமுறை கேட்டபோது, "நல்ல வாடிக்கைன்னு அடையாளம் சார்" என்றாள். மூன்று ஆண்டுகளில் வட்டங்கள் அறுபத்தொன்று ஆயின.

வீட்டில் அவளுக்குத் தங்கை ஒருத்தி மட்டும். ஒன்பது வயது இளையவள். தாய் இறந்தபோது தங்கைக்குப் பதினொன்று. அன்றுமுதல் தலைவாரி விட்டதும் பள்ளியில் கையெழுத்துப் போட்டதும் அக்காதான். டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறை. தங்கை பேருந்து முன்பதிவு நிலையத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சீட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். பருக்கள் ஆறிய இடத்தில் இரு கன்னத்திலும் கரும்புள்ளிகள்.

ஒருநாள் பயணி ஒருவன் தடுப்பைத் தட்டி, "கண்ணாடியைத் துடைங்கம்மா, கறுப்பு கறுப்பா தெரியுது" என்றான். தங்கை துணி எடுத்து உட்பக்கம் துடைத்தாள். "இன்னும் போகலையே" என்றான். எழுந்து வெளிப்பக்கமும் துடைத்தாள். வரிசை முழுதும் சிரித்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது.

அன்று மாலை நேரே அக்காவின் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு அந்த நீலமூடி வேணும்."

"உனக்கு எதுக்கு அது? உன்னோடது வறண்ட தோலு. நான் தர்றதை ஒழுங்காப் போடு, பன்னெண்டு வாரத்துல மங்கிரும்."

"ஊரான் வீட்டு மூஞ்சியெல்லாம் மினுக்கி விடற. சொந்தத் தங்கச்சி மூஞ்சி மட்டும் கரிச்சட்டியாவே இருக்கட்டும். அப்படித்தானே?"

"வேணாம்னா வேணாம்டி. அது உனக்கு ஆகாது."

"ஏன் ஆகாது? அவங்க மூஞ்சி என்ன இரும்புலயா செஞ்சது?"

 அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது என்று சொல்லி அக்கா எழுந்து போனாள். அடுப்பைப் பற்றவே வைக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். மறுநாள் கழுவல், கெட்டிப் பூச்சு, வெயில்தடுப்பு மூன்றையும் தங்கையின் தலையணை அருகே வைத்தாள். தங்கை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஒரு சிரித்த முகக்காரி மேசைக்கு வந்தாள். வயது இருபத்தேழு, நான்கு காகிதமும் எண்ணெயில் ஊறியது, அட்டை எண் இருநூற்றுப் பன்னிரண்டு. நேரே நீலமூடி கேட்டாள். இரண்டாம் சிமிழோடு மூலையில் வட்டம் விழுந்தது. முதலில் இருபது நாளுக்கு ஒன்று வாங்கினாள், பிறகு பதினைந்து, பிறகு பதினொன்று. தேதிகள் எல்லாம் அட்டையில் இருக்கின்றன.

"முப்பது கிராம் பதினொரு நாள்ல காலியா? எதுல பூசறீங்க, சுவத்துலயா?"

"கை காலெல்லாம் சும்மா விட்டா கோச்சுக்குதேக்கா!"

அவள் சிரிக்க, கண்ணாடியக்காவும் சிரித்துச் சிமிழை எடுத்துக் கொடுத்தாள்.

இதே மாதங்களில் வீட்டில் தங்கையின் முகம் தெளிந்து வந்தது. புள்ளிகள் மங்கின. தோல் வழுவழுவென்று ஆனது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தான் சொன்ன மூன்று பொருள்கள், தான் சொன்ன பன்னிரண்டு வாரம்! பொறுமையிருந்தால் நேர்வழியிலும் முகம் தெளியும் என்பதற்குத் தன் வீட்டிலேயே சாட்சி. கடையில் தயங்குகிறவர்களிடம், "என் தங்கச்சியைப் போய்ப் பாருங்க, முன்பதிவுல மூணாவது சன்னல்" என்று சொல்ல ஆரம்பித்தாள். நாளெல்லாம் ஊரார் முகம் படித்தவள், வீட்டில் ஒன்றைப் படிக்கத் தவறினாள்.

ஏழாம் மாதம் தங்கை மேகம் மூடிய நாளிலும் குடை பிடித்தாள். அடுப்பருகே நின்றால் முகம் எரிகிறது என்று தள்ளிப் போனாள். எட்டாம் மாதம், மூன்றாம் வாரம், புதன்கிழமை காலை, கதவைத் திறக்கவில்லை.

"வேலைக்கு நேரமாச்சு, என்னடி பண்றே?"

"நீ போ."

"கதவைத் திற."

"நீ போக்கா!"

அக்கா போகவில்லை. கதவில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். இருபது நிமிடம் கழித்துத் தாழ்ப்பாள் நகர்ந்தது. கன்னம் இரண்டும் சிவந்து வீங்கி, கண்கள் கோடாகி, தாடை முழுதும் சீழ்ப்பருக்கள். தோல் நீர் விட்டுக்கொண்டிருந்தது. அக்காவின் கை தன்னையறியாமல் பையிலிருந்த காகிதத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்தது. பத்து எண்ணவில்லை. காகிதம் ஊறி அங்கேயே ஒட்டிக்கொண்டது. பிய்த்தபோது தங்கை பல்லைக் கடித்தாள். சன்னலில் பிடித்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"என்ன போட்டே?"

தங்கை அலமாரியின் கீழ்த்தட்டில் துணிகளை விலக்கினாள். நீல மூடிகள். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். பதினாறு.

"யாரு குடுத்தா?"

"நீதான். எங்க ரெண்டாவது சன்னல்காரி வந்து வாங்குவாளே, சிரிச்சுக்கிட்டே இருப்பா. காசு என்னோடது, மூஞ்சி அவளோடது. போன வாரம் ஊருக்குப் போயிட்டா. அஞ்சு நாளா பூசல. அதான் இப்படி."

அக்கா தரையில் உட்கார்ந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் அட்டையின் நான்கு காகிதங்களும் எண்ணெய்ச் சருமம் என்றுதான் சொல்லின. அவை பொய் சொல்லவில்லை. பதினாறு தேதிகளையும் தன் கையால் எழுதியிருக்கிறாள்.

"எனக்கு ஆகாதுன்னு சொன்னியே, அப்பவே உனக்குத் தெரியுமா?" என்று தங்கை கேட்டாள். வீங்கிய உதட்டில் சொற்கள் நசுங்கி வந்தன. "நான்கூட கஞ்சத்தனம்னு நெனச்சேன். பொறாமைன்னு நெனச்சேன். தெரிஞ்சுதான் வேணாம்னியா?"

"ஆமா."

"அப்ப மத்தவங்களுக்குத் தெரிஞ்சுதான் குடுத்தியா?"

டயர்க் கடையில் யாரோ இரும்புச் சட்டத்தைச் சுத்தியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். "அறுபத்தொரு பேருக்கு" என்றாள் அக்கா.

தோல் மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. பெரிய விளக்கை இழுத்து முகத்தைப் பார்த்தார். களிம்பை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தியபின் பல வாரம் இதைவிட மோசமாகும். பயந்து மறுபடி பூசினால் பிறகு மீட்சி கடினம். தேற ஒரு வருடம்கூட ஆகலாம் என்றார். உள்ளுக்கு மாத்திரை எழுதினார். மற்றபடி வெறுந்தண்ணீர், மணமில்லாத பூச்சு, வெயில் படாமல் இருப்பது. இடது கன்னத்தில் கிளைவிட்டிருந்த இரண்டு சிவப்பு நரம்புக் கோடுகளைச் சுட்டி, "இது போகும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு, "யார் குடுத்தது இதை?"

அக்கா வாய் திறக்குமுன், "நானாத்தான் வாங்கிப் போட்டேன்" என்றாள் தங்கை. அக்காவைக் காப்பாற்றச் சொன்னாளா, அக்கா என்று சொல்லவே பிடிக்காமல் சொன்னாளா, தெரியவில்லை.

தங்கையைச் சன்னலிலிருந்து எடுத்துப் பின்பக்கம் பொதி கட்டும் அறைக்கு மாற்றினார்கள். வீட்டில் அவள் அக்காவோடு பேசுவதை நிறுத்தினாள். அக்கா ஈரப்பூச்சை எடுத்துக்கொண்டு அருகே போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். கண்ணாடி பார்க்காமல் தானே பூசிக்கொண்டதில் பாதி காதிலும் கூந்தலிலும் போயிற்று. பன்னிரண்டாம் நாள் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தாள்.

"அந்த மத்த அறுபது பேரும் யாரோட தங்கச்சியோ. அவங்களுக்குச் சொல்லிட்டு வந்து என்கிட்டப் பேசு."

சொன்னால் வேலை போகும். மேசை போகும், சன்னல் போகும், பதினான்கு ஆண்டுப் பெட்டி போகும். சொல்லாவிட்டால் அந்த முகம் சுவர்ப்பக்கமே இருக்கும். அக்கா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போனபின், வட்டம் போட்ட அட்டைகளைப் பிரித்தெடுத்துப் பெயரையும் தெருவையும் எழுதத் தொடங்கினாள். அட்டையை வீட்டுக்கு எடுத்துப் போவது அவளுக்குத் தோன்றவே இல்லை. கடைப் பதிவு கடையில் இருக்க வேண்டும் என்று பழகிய கை. முதல் நாள் பதினைந்து, இரண்டாம் நாள் பதினான்கு. மூன்றாம் நாள் ஒன்பது எழுதியபோது முதலாளி பின்னால் நின்றார்.

"என்ன எழுதற?"

"வட்டம் போட்டவங்களுக்கு நிறுத்தச் சொல்லணும் சார். என் தங்கச்சி மூஞ்சி வெந்து கெடக்குது."

அவர் கத்தவில்லை. பெட்டியை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அட்டை கடையோட சொத்து. வெளிய போய் வாயைத் திறந்தா நான் மட்டுமா மாட்டுவேன்? கலக்கின கை யாரோடது?"

"என்னோடது."

"அப்ப?"

"என்னோடதுதான் சார். அதனாலதான் போறேன்."

கைக்கண்ணாடியை மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தாள். கையிலிருந்தவை முப்பத்தெட்டுப் பெயர்கள். பெட்டியில் போனவை இருபத்திரண்டு.

வாரம் நான்கு வீடு என்று போனாள். வேறு பிழைப்பாக ஒரு விடுதியில் துணி மடிக்கும் வேலை கிடைத்திருந்தது. அது முடிந்து மாலை ஐந்துக்குமேல் தெருத்தெருவாகத் தேடினாள். கதவு திறந்ததும், "கண்ணாடியக்காவா! புதுசு ஏதாவது வந்திருக்கா?" என்றுதான் கேட்பார்கள். அவள் நின்றபடியே சொல்வாள். அந்தச் சிமிழில் இருந்தது இது, தெரிந்தே கொடுத்தேன், நீங்களாக நிறுத்தினால் முகம் பொங்கும், மருத்துவரைப் பார்த்து நிறுத்துங்கள். தெரிந்தே என்ற சொல்லை முதல் மூன்று வீட்டில் விட்டுவிட்டாள். பிறகு திரும்பிப் போய் அந்த மூன்று வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு தாய் தண்ணீர்க் குவளையோடு வந்தவள், கேட்டு முடித்ததும் அந்தத் தண்ணீரை வாசலில் அவள் காலடியில் கொட்டினாள். ஒருத்தி நன்றி சொன்னாள். அதுதான் அதிகம் சுட்டது. பதினேழாம் வீட்டில் முகத்தைத் துணியால் மூடிய பெண் ஒருத்தி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிக்கா. இப்ப உங்ககிட்ட ஒரு சிமிழ் இருக்குமா? கடையில தர மாட்டேங்கறாங்க" என்றாள். அவள் கேட்டது விளையாட்டுக்கல்ல. கண்ணில் நீர் நின்றது.

இரவு சாப்பாட்டுக்குமுன் தங்கை ஒரே சொல்லில் கேட்பாள்.

"எத்தனை?"

"பத்தொம்பது."

அதோடு சரி. பத்தாம் வாரக் கடைசியில் முப்பத்தெட்டும் முடிந்தன. தங்கையின் வீக்கம் வற்றியிருந்தது. தோல் வெங்காயச் சருகாகச் சிவந்து கிடந்தது. இரண்டு கோடுகளும் அப்படியே இருந்தன.

"மிச்சம்?" என்றாள் தங்கை.

"இருபத்திரெண்டு. பேரு ஞாபகமில்ல. மூஞ்சி ஞாபகம் இருக்கு."

"அப்ப மூஞ்சியைத் தேடு."

அவள் தேடினாள். பேருந்து நிறுத்தங்களில், காய்கறிக் கடைகளில், துணி மடிக்கப் போகும் வழியில், வெயிலில்லாத நாளில் குடை பிடிக்கிறவர்களைப் பார்த்தாள். இரண்டு மாதத்தில் ஐந்து பேர் அகப்பட்டார்கள். ஒரு மாலை, மேகமூட்டத்தில், பேருந்துக்குள்ளேயே முன்றானையால் கன்னத்தை மறைத்து உட்கார்ந்திருந்தவளைக் கண்டு, தன் நிறுத்தம் தாண்டி அவள் பின்னாலேயே இறங்கினாள்.

"அம்மா, ஒரு நிமிஷம். நீங்க என் மேசைக்கு வந்திருக்கீங்க. நீலமூடி..."

அந்தப் பெண் பயந்து விலகினாள். "எந்த மேசை? நான் உங்களைப் பாத்ததே இல்லையே." முன்றானை நழுவியது. அதே சிவப்பு, அதே மெலிந்த தோல், மூக்கோரம் அதே கிளைக்கோடுகள். அவள் கைப்பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டிய சிமிழுக்கு மூடி வெள்ளை. வாங்கியது நகரத்தின் மறுகோடியில் வேறொரு கடையில்.

வீடு வந்தபோது தங்கை சமையல் மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை?"

"அதே பதினேழுதான் மிச்சம். இன்னிக்குப் பாத்தவ நம்ம ஆளு இல்ல. வேற கடை. அதே களிம்பு."

"அவகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். டாக்டர் இடத்தையும் எழுதிக் குடுத்தேன். ஆனா அது கணக்குல சேராது."

"சேராதுதான்" என்றாள் தங்கை.

 பிறகு ஈரப்பூச்சுச் சிமிழை மேசையின் இந்தப் பக்கமாகத் தள்ளினாள். முகத்தைச் சன்னலுக்கு நேராக வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா கையைக் கழுவி, ஈரம் காய்வதற்குள், நெற்றியிலிருந்து தொடங்கினாள். இடது கன்னத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"அழுத்தாதே," என்றாள் தங்கை. "அங்க எரியும்."